மாதிரி: டிஜிட்டல் ஒலிக்கு உவமை சொல்வது பற்றி

தமிழிலக்கியம் கற்பிக்கும் நாம் டிஜிட்டல் ஒலியின் தரத்தைப் பற்றி எழுதப் புகுவது சில வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். மின்னணுவியலாருக்கு உரிய பொருளில் நமக்கென்ன வேலை என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு நம்மிடம் இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, நாட்டார் வழக்காறு. அந்தப் பாடத்துக்காக மாணவர்கள் ஆண்டுதோறும் ஊர்களுக்குச் சென்று தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, உடுக்கடிப் பாட்டு முதலியவற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். முன்பு ஒலிநாடா இருந்த இடத்தில் இன்று கைபேசி இருக்கிறது. அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஊர்களில் இவற்றை முழுமையாகப் பாடத் தெரிந்த மூத்தோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். மறுபடி போய்ப் பதிவு செய்து கொள்ளலாம் என்ற வாய்ப்புப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே முதற்பதிவு எந்தத் தரத்தில் அமைகிறது என்பது, அந்தக் குரல் எந்த நிலையில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது விடை, உவமை. ஒலித்தரத்தைப் பற்றி மக்களிடையே நடக்கும் பேச்சு முழுவதும் உவமையால் நடக்கும் பேச்சே. "சார், 128 நல்லதா, 320 நல்லதா?" என்று ஒரு மாணவர் கேட்டால், நாம் வாய் திறப்பதற்குள் இன்னொரு மாணவர், "அது 20 கவுண்ட் நூல் மாதிரி, இது 40 கவுண்ட் மாதிரி" என்று விடை சொல்லிவிடுவார். திருப்பூரில் இப்படித்தான் சொல்வார்கள். பெற்றோரில் ஒருவரேனும் பனியன் கம்பெனியிலோ நிட்டிங்கிலோ சாயப்பட்டறையிலோ வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் துணியே முதல் உவமை. உவமையை ஆராய்வது நம் துறையின் வேலை. நமது கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்: தொழில்நுட்பத்தை உவமையால் விளக்குவதில் பிழையில்லை, உவமை எதன் அடிப்படையில் நிற்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று சொல்லாமல் விடுவதே பிழை. டிஜிட்டல் ஒலியைப் பொறுத்தவரை அந்தப் பிழைக்கு மக்கள் பணத்தால் விலை கொடுக்கிறார்கள். ஊர்கள் தம் குரலால் விலை கொடுக்கின்றன.

*

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கிறது. மெய் என்பதற்கு வடிவம் என்றும் உரு என்பதற்கு நிறம் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். வீரன் புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை ஒக்கிறது. வள்ளலை மழைக்கு ஒப்பிட்டால் பயன் ஒக்கிறது. தலைவியின் இடையைத் துடி என்றால் மெய் ஒக்கிறது. மேனியைப் பொன் என்றால் உரு ஒக்கிறது. இந்தப் பகுப்பின் பெரும்பயன், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் அது சொல்லாமல் சொல்வதுதான். இடையைத் துடி என்ற புலவரிடம் துடியின் ஓசை எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

ஒலித்தரத்துக்குச் சொல்லப்படும் உவமைகளை இந்த நான்கில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பரவலாக வழங்கும் உவமைகள் பெரும்பாலும் மெய்யுவமைகள். படிக்கட்டு, கட்டம் போட்ட தாள், புள்ளிகளாலான புகைப்படம், நெருக்கமாக நெய்த துணி என எல்லாமே கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள். ஒலிக்கோ கண்ணுக்குத் தெரியும் வடிவம் கிடையாது. திரையில் நாம் காணும் அலைக்கோடு ஒலியைக் குறிக்க நாம் வரைந்துகொண்ட படம். அந்தப் படத்துக்கு உவமை சொல்லிவிட்டு ஒலிக்கே சொல்லிவிட்டதாக நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் மாதிரி வீதத்தை எடுத்துக்கொள்வோம். சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்த இசைக் குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாகப் பதிகிறது. இதைக் கேட்டவுடன் திருப்பூர் மாணவருக்கு நினைவு வருவது நிட்டிங் எந்திரத்தின் கேஜ். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது கேஜ். ஊசி கூடினால் துணி நெருக்கமாகவும் மென்மையாகவும் அமையும். அப்படியானால் நொடிக்கு 44,100 என்பதைவிட 96,000 நெருக்கம், 192,000 அதைவிட நெருக்கம் என்ற முடிவு தானாகவே வந்துவிடுகிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள ஒலி, கண்ணிகளுக்கு இடையிலுள்ள துளைபோல, தொலைந்துபோய்விட்டது என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

இந்த எண்ணம் தவறானது. ஹாரி நைக்விஸ்ட் 1928இல் எழுதிய கட்டுரையும் கிளாட் ஷானன் 1949இல் எழுதிய கட்டுரையும் இதற்கான அடிப்படையைத் தந்தன. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அதை அளந்துவிட்டால், அளவுகளுக்கு இடையில் உள்ளது எதுவும் தொலைவதில்லை. அந்த எண்களிலிருந்து மூல அலையை முழுமையாக மீட்கலாம் என்பது அதன் சாரம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். நாற்பதைக் கடந்த நம் போன்றோருக்கு அந்த எல்லை இன்னும் தாழ்ந்தது. 44,100இல் பாதி 22,050. செவியின் எல்லை அதற்குள் அடங்கிவிடுகிறது.

படத்தில் வரையும் படிக்கட்டும் கருவியின் ஒலிவாயிலிலிருந்து வெளிவருவதில்லை. எண்களை மீண்டும் மின்னலையாக்கும் சுற்றில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைக் கடந்து வருவது வழுவழுப்பான அலை. தண்டியலங்காரம் கூறும் இல்பொருள் உவமையில், இல்லாத பொருளை இல்லையென்று அறிந்தே புலவன் உவமையாக்குகிறான். படிக்கட்டுப் படத்தை வரைபவர்களோ அது உண்டென்று நம்பி வரைகிறார்கள்.

இதற்கு மாற்றாகக் கோலத்தைச் சொல்லலாம் என்று சிலருக்குத் தோன்றும். புள்ளி வைத்துக் கோலமிடும் ஊரில் இது அழகான உவமைதான். ஆனாலும் பொருந்தாது. ஒரே புள்ளி வரிசையின்மேல் பத்துப் பெண்கள் பத்து விதமான கோலமிட முடியும். ஒலியில் அந்த உரிமை இல்லை. அதிர்வெண்ணுக்கு உச்சவரம்பு வகுத்துவிட்ட பிறகு, அந்தப் புள்ளிகளின் வழியே ஒரே ஒரு கோடுதான் செல்ல முடியும். பள்ளிக்கூட வடிவக்கணிதம் இதற்குச் சரியான உவமையைத் தருகிறது. ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் கொடுத்தால் அவற்றின் வழியே செல்லும் வட்டம் ஒன்றே ஒன்றுதான். அதே வட்டத்தின்மேல் முந்நூறு புள்ளிகள் குறித்துத் தந்தாலும் வட்டம் கூடுதல் உருண்டையாகிவிடாது. ஒலியலை வட்டமல்ல, ஆகவே இது மெய்யுவமை ஆகாது. குறைந்த தகவல் முழுவதையும் நிர்ணயிக்கிறது என்ற வினையில் இரண்டும் ஒக்கின்றன. அவ்வளவே தேவை.

துணியை விட்டுவிட மனமில்லாதவர்களுக்குத் துணியிலேயே ஒரு நல்ல உவமை இருக்கிறது. மாதிரி வீதத்தைக் கேஜுக்கு ஒப்பிடாமல் டயாவுக்கு, அதாவது துணியின் அகலத்துக்கு, ஒப்பிட வேண்டும். அகலம் குறைந்த துணியிலும் நெசவின் நெருக்கம் குறைவதில்லை. ஓரத்தில் இருந்திருக்க வேண்டியது மட்டும் இல்லாமற்போகிறது. பழைய தொலைபேசி இணைப்புகளில் ஒலி நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டது. ஏறத்தாழ 3,400 அதிர்வுகளுக்கு மேற்பட்டவை அங்கே கடத்தப்படவில்லை. அதனால்தான் 'ஸ'வும் 'ஃப'வும் அதில் ஒன்றுபோல மயங்கின. குரலில் ஓட்டை விழவில்லை, உச்சப்பகுதி வெட்டுப்பட்டது. ஆளுக்குத் தேவையான அகலம் கிடைத்த பிறகு மேலும் அகலம் சேர்த்தால் சட்டை சிறப்பாகிவிடாது, தொளதொளக்கும். 20,000 என்பது நம் செவியின் உடலளவு.

இந்த உவமைக்கு இன்னொரு பயனும் உண்டு. அகலமான துணியைக் குறுகிய சட்டத்துக்குள் வெட்டாமல் திணித்தால் மிஞ்சிய பகுதி மடிந்து நல்ல பகுதியின்மேல் விழும். ஒலியிலும் அப்படியே நடக்கும். அளப்பதற்கு முன் உச்சவரம்புக்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டாவிட்டால், அவை மடிந்து, முன்பு அங்கே இல்லாத தாழ்ந்த அதிர்வுகளாக உள்ளே வந்துவிடும். பழைய திரைப்படங்களில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றுவதைப் பார்த்திருக்கிறோம். நொடிக்கு 24 படங்கள் என்ற வேகத்துக்கு அந்தச் சுழற்சி மிஞ்சியது. இரண்டுக்கும் பின்னுள்ள கணிதம் ஒன்றே; முழுமையான வினையுவமை என்று இதைச் சொல்லலாம்.

*

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாம்பிள் என்பதைத் தமிழில் மாதிரி என்கிறோம். திருப்பூரில் சாம்பிள் என்றால் வெளிநாட்டு வாங்குபவரின் ஒப்புதலுக்கு முதலில் தைத்து அனுப்பும் பனியன். ஒன்றைப் பார்த்து ஒரு லட்சத்துக்கு ஒப்புதல் தருகிறார்கள். அங்கே மாதிரி என்பது பலவற்றுக்குப் பிரதிநிதி. ஒலியில் மாதிரி எதற்கும் பிரதிநிதி அல்ல. நொடிக்கு 44,100 மாதிரிகளில் ஒவ்வொன்றும் தன் கணத்தை மட்டுமே சொல்கிறது. பிரதிநிதி என்ற பொருளில் எடுத்துக்கொண்ட மாணவர், 'கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள்' என்று புரிந்துகொள்வதில் வியப்பில்லை. ஒப்பிடும் முன்பே உவமை சொல்லுக்குள் ஒளிந்திருந்து தன் வேலையைச் செய்துவிடுகிறது. அந்த மாதிரி என்ற சொல்லே பேச்சுத்தமிழில் நம் முதன்மையான உவம உருபாகவும் இருப்பது வேடிக்கையான ஒற்றுமை.

அடுத்தது பிட் ஆழம். 16 பிட் என்றால் ஒவ்வோர் அளவும் 65,536 படிநிலைகளுள் ஒன்று. 24 பிட் என்றால் 1,67,77,216 படிநிலைகள். இங்கும் வழக்கமான உவமை மெய்யுவமைதான்: நெருக்கமாகக் கோடு போட்ட அளவுகோல், அல்லது சாயத்தில் கூடுதல் ஷேடுகள். ஷேடு கூடினால் ஓவியம் மெருகேறும் என்பது கண்ணுக்கு உண்மை. காதுக்குக் கிடைப்பதோ வேறு. முறையாகச் செய்த பதிவில் பிட் ஆழம் தீர்மானிப்பது அடித்தளத்து இரைச்சல் எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்பதை. 16 பிட்டில் மிக உரத்த ஒலிக்கும் அடித்தள இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி. 24 பிட்டில் ஏறத்தாழ 144.

பல்லடம், சோமனூர் பக்கம் வளர்ந்தவருக்கு இதை ஒரு வரியில் விளக்கிவிடலாம். விசைத்தறி ஓடும் தறிக்குடோனுக்குள் இருவர் பேசவேண்டுமானால் கத்தியாக வேண்டும். மின்சாரம் நின்றால் மூலையில் ஒருவர் பெருமூச்சு விடுவதுகூடக் கேட்கும். பெருமூச்சு இப்போது புதிதாகப் பிறந்ததல்ல. அதை மூடியிருந்த இரைச்சல் விலகியிருக்கிறது. பிட் ஆழம் கூடுவதென்பது இன்னும் சில தறிகளை நிறுத்துவது. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் மின்விசிறியும் தெருவும் எப்போதும் எழுப்பும் இரைச்சல், 16 பிட் குறுந்தகட்டின் அடித்தள இரைச்சலைக் காட்டிலும் பலமடங்கு பெரிது. பக்கத்துக் குடோனில் நூறு தறி ஓடும்போது நம் குடோனின் கடைசித் தறியை நிறுத்துவதால் கேட்பவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்படியானால் 24 பிட் எதற்கு? அது பதிவு செய்பவருக்காக. கட்டிங் மாஸ்டர் துணியை அளவோடு ஒட்டி வெட்டுவதில்லை. தையலுக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் அலவன்ஸ் விட்டுத்தான் வெட்டுவார். பாடும் மூதாட்டி எப்போது குரலை உயர்த்துவார், எப்போது முணுமுணுப்பார் என்று பதிவு செய்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒலியளவைத் தாழ்த்தி வைத்துப் பதிவு செய்து, பிறகு உயர்த்திக்கொள்ள 24 பிட் இடம் தருகிறது. பனியனை அணிபவருக்கு அலவன்ஸ் தேவையில்லை. வெட்டுபவருக்கு அது இல்லாமல் முடியாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசா, பழைய பதிவுகளை எண்மமாக்க நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்பதைக் குறைந்தபட்ச அளவாகப் பரிந்துரைப்பதன் பொருள் இதுவே. காப்பகத்துக்குச் சொன்ன அளவைக் காட்டி, கேட்பவரிடம் விலையுயர்ந்த கருவி விற்பது வேறு காரியம்.

விற்பனையைப் பற்றிச் சொல்லும்போது நீல் யங்கின் போனோ கருவி நினைவுக்கு வருகிறது. 2014இல் இணையவழி நிதி திரட்டலில் 60 லட்சம் டாலருக்கு மேல் குவித்த அந்தக் கருவியின் விலை 399 டாலர். கடலடியில் இருந்து படிப்படியாக மேலேறிக் காற்றைச் சுவாசிப்பதுபோல, மாதிரி வீதம் ஏற ஏற இசை உயிர்பெறும் என்பது அதன் விளம்பர உவமை. நீரடியில் மூச்சுத் திணறுவது எல்லோருக்கும் தெரிந்த உணர்வு. ஆகவே உவமை வென்றது. சில ஆண்டுகளில் கருவி சந்தையிலிருந்து மறைந்தது. இதற்கு முன்பே, 2007இல், மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டிருந்தார்கள். உயர்தர இசையை அப்படியேயும், குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை விடை சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறத்தாழ இதுவே வரும். 2016இல் ஜோஷுவா ரீஸ் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, மிகச் சிறிய வேறுபாடு புலப்படுவதாக, 52 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவில், கண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு சதவீதத்துக்கும் கடலடியிலிருந்து எழுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

*

இனிச் சுருக்கம். குறுந்தகட்டு ஒலி நொடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட்டுகள். எம்பி3 கோப்பில் பரவலாக வழங்கிய 128 கிலோபிட் அளவு ஏறத்தாழ அதில் பதினொன்றில் ஒரு பங்கு. பதினைந்து பாட்டுகள் அடங்கும் ஒரு தகட்டில் நூற்றைம்பது பாட்டுகளை அடைத்து விற்ற எம்பி3 தகடுகளின் காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பிட்வீதத்துக்கு ஜி.எஸ்.எம். நல்ல உவமை. துணியில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டி நிறுத்து, கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைக்கும். அது பரப்புக்கு எடை. இது நொடிக்குப் பிட். இரண்டுமே அடர்த்தி. எடை மட்டும் தரத்தைச் சொல்லாது என்பதும் இரண்டுக்கும் பொது. ஒரே ஜி.எஸ்.எம். துணியை நல்ல கோம்டு நூலிலும் ஓட்டலாம், கழிவு நூலிலும் ஓட்டலாம். அதுபோலவே ஒரே பிட்வீதத்தில் எம்பி3யைவிடப் பின்னால் வந்த ஓபஸ் முதலிய முறைகள் ஒலியைத் தெளிவாக வைக்கின்றன. 320 என்ற எண்ணைக் கண்டதும் தரம் என்று நம்பிவிடக் கூடாது.

சுருக்கத்தில் இருவகை உண்டு. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வழங்குகிறோம். ஃபிளாக் போன்ற இழப்பில்லாச் சுருக்கம், பஞ்சை அழுத்திப் பேல் கட்டுவது. கட்டை அவிழ்த்தால் போட்ட பஞ்சு அத்தனையும் திரும்பக் கிடைக்கும். எம்பி3 அப்படியல்ல. ஓர் உரத்த ஒலி தன்னை அடுத்துள்ள மெல்லிய ஒலியைச் செவிக்கு மறைத்துவிடுகிறது. மறையும் பகுதிக்குப் பிட்டுகளைச் செலவிடாமல் மிச்சம் பிடிப்பது அதன் வழி. கேட்பவர் கவனிக்காததைத்தான் அது நீக்குகிறது. ஆனால் நீக்கியது நீக்கியதே.

மறைப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் இந்த முறைக்குச் சோதனை வருகிறது. எம்பி3யை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். துணைக்கருவி எதுவுமில்லாத ஒற்றைப் பெண்குரல் அது. ஆரம்ப நிலையில் அந்தக் குரல் மோசமாகச் சிதைந்தது. அதைச் சரியாக்கும்வரை அவர்கள் முறையைத் திருத்திக்கொண்டே போனார்கள். இன்னொரு கடினமான வகை, வெட்டென்று எழும் தாள ஒலி. பிட்வீதம் குறைவாக இருந்தால் அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மங்கலான இரைச்சல் முந்திக்கொண்டு வரும்.

இப்போது நம் மாணவர்கள் கொண்டுவரும் பதிவுகளை நினைத்துப் பாருங்கள். ஒப்பாரி துணைக்கருவி இல்லாத ஒற்றைப் பெண்குரல். உடுக்கடிப் பாட்டில் ஒவ்வோர் அடியும் வெட்டென்று எழுவது. கொங்கு நாட்டு வழக்காற்றின் இரு பெரும் வடிவங்களும் இழப்புச் சுருக்கத்துக்கு மிகக் கடினமான இரண்டு வகைகளாக அமைந்துவிட்டன. இன்றைய எம்பி3 உயர்ந்த பிட்வீதத்தில் இவற்றை ஓரளவு நன்றாகவே கையாளும். கைபேசிக் குரல்செய்தியாக, உரையாடலுக்கென்று வகுத்த தாழ்ந்த பிட்வீதத்தில் பதிவான ஒப்பாரியின் நிலை வேறு. இழுத்து முடிக்கும் இடத்தில் மூச்சு தேய்வதும் விசும்பலும், இரைச்சல் என்று கருதப்பட்டு முதலில் பலியாகின்றன. சொற்கள் எஞ்சுகின்றன. சொற்கள் மட்டும் போதுமென்றால் எழுதிக்கொண்டு வந்திருக்கலாமே!

அந்தக் குரல்செய்தியை மாணவர் எம்பி3 ஆக்குகிறார். துறைக்குச் சமர்ப்பிக்கும்போது 'தரமாக இருக்கட்டும்' என்று வேவ் கோப்பாக மாற்றித் தருகிறார். கோப்பின் அளவு பலமடங்கு பெருத்துவிடுகிறது. தரம் உயர்ந்துவிட்டது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். இதை விளக்க நமக்குத் தெரிந்தவரை ஓ.இ. நூலைவிட நல்ல உவமை இல்லை. கட்டிங் வேஸ்ட் மில்லுக்குப் போய், கிழிபட்டுப் பஞ்சாகி, மீண்டும் நூலாக வருவதைத் திருப்பூரில் அறியாதவர் இல்லை. கிழிபடும்போது இழையின் நீளம் குறைகிறது. அதனால் அது தடித்த நூலாகத்தான் வரும். அந்த நூலில் எவ்வளவு பெரிய துணி ஓட்டினாலும் இழை நீளாது. எம்பி3யிலிருந்து வேவ் செய்வது ஓ.இ. நூலில் பெரிய துணி ஓட்டுவது. இந்த உவமையின் எல்லையையும் சொல்லிவிடுவோம்: ஓ.இ. நூலுக்கு அதற்கென்ற மதிப்பும் சந்தையும் உண்டு. கழிவை மீட்பது நல்ல காரியம். குரலின் இழை குறைந்த பிறகு மீட்பு என்று ஒன்று கிடையாது.

*

உவமையே வேண்டாம், கணிதத்தை அப்படியே சொல்லிக்கொடுங்கள் என்பாரும் உளர். இளங்கலைத் தமிழ் மாணவருக்கு ஷானனின் தேற்றத்தை நிறுவிக் காட்ட நம்மால் இயலாது. கணிதம் அறிந்தவரும் உவமையைத் தாண்டிவிடுவதில்லை. இரைச்சலுக்குத் 'தளம்' என்கிறோம், அதிர்வெண் 'மடிகிறது' என்கிறோம், பிட்டுக்கு 'ஆழம்' என்கிறோம். எல்லாம் உவமை உறைந்த சொற்களே. ஒதுக்க முடியாத ஒன்றை ஒழுங்காகக் கையாளப் பழகுவதே வழி.

காது இருக்கிறது, கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. காதை நம்புவதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஒரே பாட்டைச் சற்று உரக்க வைத்தால் அதுவே தரமானதாகக் காதுக்குத் தோன்றும். எது எதுவென்று அறியாமல், ஒரே ஒலியளவில் கேட்டுச் சொல்லும் காதைத்தான் சாட்சியாகக் கொள்ளலாம்.

இவ்வளவும் எதற்காக? காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர் பல இரவுகள் பாட, ஒலிநாடாவில் பதிவு செய்தார். கதை பின்னர் நூலாகவும் வந்தது. நூலில் கதை இருக்கிறது. உடுக்கை எந்த இடத்தில் முடுக்கியது, பொன்னரும் சங்கரும் மாயும் இடத்தில் பாடகரின் குரல் என்னவாயிற்று என்பதை நாடாதான் சொல்லும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, சுமந்து செல்லக் கடினமான கருவியோடு வந்த ஒருவர் நமக்காக அந்த இழையின் நீளத்தைக் காத்துக் கொடுத்தார். சட்டைப்பையில் அதைவிடத் திறமான கருவியை வைத்திருக்கும் நாம், பிட்வீதம் என்னவென்று தெரியாததால் அதை வெட்டிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது எளிது. மூலப்பதிவை வேவ் அல்லது ஃபிளாக்கில், 48,000 மாதிரி, 24 பிட் அளவில் எடுக்க வேண்டும். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 520 எம்பி வரும். ஒரு 64 ஜிபி அட்டையில் 120 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். அந்தக் கோப்பை இரண்டு இடங்களில் கைபடாமல் வைத்துவிட்டு, பகிர்வதற்கு எம்பி3 பிரதி எடுத்துக்கொள்ளலாம். பாட்டுக் கேட்பதற்கென்று 192,000க்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கலாம், அல்லது பாடிய மூதாட்டிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம்.

ஆசிரியப் பணியில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் ஓர் உவமை சொல்லும்போது, சரி தவறு என்று முடித்துவிடாமல், வினையா, பயனா, மெய்யா, உருவா என்று கேளுங்கள். அது எதுவரை வரும் என்றும் கேளுங்கள். உப்பளத்துக்கு, தேயிலைத் தோட்டத்துக்கு, மீன்பிடி ஊருக்கு அவரவர் தொழிலில் வேறு உவமைகள் இருக்கும். அவற்றை இங்கே எழுதுங்கள், அவற்றின் எல்லையோடு சேர்த்து.